சின்னக் கைக்கு மட்டும் எட்டிய இடம்

வாங்க என் கண்ணுகளா. கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவைத்துவிட்டே வாருங்கள், இன்றைக்கு நடுவில் எழுந்து போக மனசு வராது. அழகம்மாள் வீட்டில் பதினோரு மாதமாக மகனிடம் பேசாமல் மூடிக்கிடந்த ஒரு வாய் இன்று திறக்கப்போகிறது. அது எப்படித் திறந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலிலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை.

ஆலங்குடியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே உடையப்பன் வீடு. தோப்பும் கடலைக் கொல்லையும் உண்டு. அதைவிட ஊருக்குத் தெரிந்தது அவருடைய வெள்ளைக் கார். காரைக்குடியில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. பிரசவ வலி என்றாலும் பாம்புக்கடி என்றாலும் சனம் ஓடிவருவது அவர் வாசலுக்குத்தான். சாவியை அவர் தேடியதே கிடையாது. அது எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

அந்தக் கார்தான் அவருக்கு நெஞ்சு வலித்த காலையில் எழுந்திருக்கவில்லை.

ஐப்பசி அடைமழை. மகன் ஆனந்தராஜ் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். ஒரு விளக்குக்கூட எரியவில்லை. சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். தள்ளியும் எழவில்லை. பின்சீட்டில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியதால், ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. "அரை மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார் புதுக்கோட்டையில் டாக்டர்.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் உடையப்பன் மகனிடம் சொல்லியிருந்தார். "செல்ஃப் மக்கர் பண்ணுதுடா ஆனந்து. திங்கக்கெழம புதுக்கோட்டைக்குக் கொண்டுபோயி வயரிங்கப் பாத்துட்டு வந்துரு." திங்கட்கிழமை அவன் கந்தர்வக்கோட்டைக்கு வாலிபால் ஆடப் போய்விட்டான்.

"அவுக சொன்ன அன்னைக்கே நீ போயிருந்தா..." என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழகம்மாள் தொடங்கினாள். முடிக்கவில்லை. மகனோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பதினாறாம் நாள் காரியத்தில் தாய்மாமன் வீரய்யா, கூடியிருந்த சொந்தம் அத்தனைக்கும் முன்னால், "அப்பன் சொன்ன வேலைய விட்டுட்டுப் பந்து அடிக்கப் போன பயதானே நீ!" என்று கேட்டபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

இதோ, தலைத் திவசம் நெருங்கிவிட்டது. இனி, இந்த வெள்ளிக்கிழமை.

* * *

புரட்டாசித் தூறல் விடியற்காலையிலேயே தொடங்கியிருந்தது.

அழகம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து செம்புக் குடத்தை எலுமிச்சை மூடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாத வேலை. தேய்த்த கையோடு தண்ணீரை ஊற்றி அலசிவிடுவாள். "புளிப்பச் செம்புல தங்க விடக்கூடாது. தங்குச்சுன்னா பச்சையாக் களிம்பு ஏறிச் செம்பையே தின்னுரும்" என்று மகள் இலக்கியாவுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஆனந்தராஜ் சாவியோடு வெளியே வந்தான். கொட்டகைக்குக் கீழே வெள்ளைக் கார் நின்றது. கொட்டகைக் காலில் கறுப்பு வெள்ளாடு ஒன்று கட்டியிருந்தது.

"கருப்பி," என்று அழகம்மாள் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள். "இட்லி மூடி வச்சிருக்கு. தின்னுட்டுப் போறவுக தின்னுட்டுப் போகலாம்."

ஆடு நிமிர்ந்து பார்த்தது. பதினோரு மாதமாக அந்த வீட்டில் அதிகமாகப் பேச்சு வாங்கிய ஆள் அதுதான்.

"பசிக்கலன்னு சொல்லு கருப்பி," என்றான் ஆனந்தராஜ்.

"நேத்தும் பசிக்கல. முந்தாநேத்தும் பசிக்கல. அது என்ன வயிறா, சாக்கான்னு கேளு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா எவ்வளவு அழகாகத் திட்டுகிறாள், அதை நேராகத் தன்னிடமே சொல்லியிருக்கலாமே.

"வண்டிய வயரிங் பாக்குற ராக்கன் அண்ணன்கிட்டக் காட்டிட்டு வாரேன் கருப்பி. இதுதான் கடைசி. இதுலயும் சரியாகலன்னா பழைய இரும்புக்குப் போட்டுர்றேன்."

குடத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. அழகம்மாள் காரின் பின்சீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

ஊரில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அந்தச் சனியனைத் தள்ளிவிடு என்று. மூன்று பேர் பார்த்தாகிவிட்டது. பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டார் புதுசு, டைனமோ புதுசு. வெயிலடித்தால் குதிரை மாதிரி ஓடுகிறது. நாலு தூறல் விழுந்தால் கட்டை மாதிரிக் கிடக்கிறது.

ஆனந்தராஜுக்கு அந்தக் காரில் ஏறிப் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு அதற்குள் எது செத்தது? தான் திங்கட்கிழமை போயிருந்தால் அது பிழைத்திருக்குமா? 'நீ போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது' என்று யாராவது, ஒரே ஒருவர், காரைத் திறந்து பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். அம்மாவிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

அந்த ஆசைக்காகத்தான் பதினோரு மாதமாக அவன் காரை இழுத்துக்கொண்டு அலைந்தான்.

* * *

கார் வழியில் வம்பன் ஊருக்குப் பக்கத்தில் நின்றுபோனது. தேங்காய் ஏற்றிப் போன லோடு வண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி, புதுக்கோட்டை எல்லையில் இருக்கும் ராக்கனுடைய தகரக் கொட்டகை வரை இழுத்துவந்து விட்டார்.

ராக்கனுக்கு ஐம்பது வயது இருக்கும். நூல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. வண்டி கரண்டு வேலையைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்.

"மூணு பேரு பாத்துட்டாங்களா தம்பி?"

"ஆமாண்ணே."

"மூணு பேரும் முன்னாடி பானட்டத் தூக்கிப் பாத்திருப்பாங்க. குனிஞ்சு பாத்திருக்க மாட்டாங்க. மாத்துறதுக்கு யாரு வேணா இருக்காங்க. குனியிறதுக்கு ஆளில்ல."

வேலை நடந்தது. பன்னிரண்டரைக்கு இலக்கியா வந்தாள். டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போடுகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு பொட்டலத்தோடு வந்திருந்தாள்.

"சாப்புட்டியாண்ணே?"

"இல்ல."

"ஏன், கருப்பி கேக்கலையா?"

"கேட்டுச்சு. சாக்கான்னு கேட்டுச்சு."

இலக்கியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆட்டுக்கு வாய் கூடிப்போச்சு. தீவனத்தக் கொறைக்கணும்."

அந்த நேரத்தில் ராக்கன் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து எங்கேயோ தொட்டார். "சாவியப் போடுங்க தம்பி."

போட்டான். கார் ஒரு உறுமு உறுமிவிட்டு எழுந்தது. முன்விளக்கு, உள்விளக்கு, துடைப்பான், எல்லாம். தூறலில், இந்த ஈரத்தில். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

இலக்கியா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்து அப்போதே வீட்டுக்கு அடித்துவிட்டாள். "அம்மா! வண்டி எந்திரிச்சிருச்சும்மா! மழையில ஓடுது. சத்தங் கேக்குதா?" என்று போனை இஞ்சின் பக்கம் நீட்டினாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "ம்," என்று ஒரு குரல். போன் வைக்கப்பட்டது.

"அழுதிருக்கும்," என்றாள் இலக்கியா. "பாரு, இன்னைக்குப் பேசிரும். நான் சொல்றேன்ல?"

ஆனந்தராஜ் பொட்டலத்தைப் பிரித்தான். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

"இருங்க, சந்தோசப்படாதீங்க," என்றார் ராக்கன். "இது ஒட்டு வேலை. நோவு எங்க இருக்குன்னு இன்னும் பாக்கல."

ஸ்டீரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார். கரண்டு வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப்பின் ஊசியை ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் விளக்கு மங்கியது. ஸ்டீரிங்குக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றி இழுத்தார்.

கறுப்பாக ஏதோ ஒன்று உருண்டு வந்து தரையில் விழுந்தது.

"என்னண்ணே அது? பாக்கா?" என்றான் ஆனந்தராஜ்.

"எலி கொண்டாந்து வச்சிருக்கும்," என்று சிரித்தாள் இலக்கியா.

இன்னொன்று விழுந்தது. இன்னும் ஒன்று. கல் மாதிரி காய்ந்து சுருங்கிய கறுப்பு உருண்டைகள். ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நூலில் பழைய குங்குமம் ஒட்டியிருந்தது.

இலக்கியாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

ராக்கன் எழுந்து உட்கார்ந்து, வயர்கள் சேரும் கப்ளர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்பு தெரியவில்லை. பாசி பிடித்த மாதிரி பச்சைப் பொடி.

"எலுமிச்சம்பழம் தம்பி. பச்சையா உள்ள வச்சு, அது அழுகி, புளிப்பு சொட்டிச் சொட்டி நேரா இது மேல எறங்கியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா. களிம்பு வயருக்குள்ளயே ஏறிருச்சு. காஞ்சிருந்தா கரண்டு போகும். ஈரம் பட்டா மொத்தமும் செத்துரும்." கண்ணாடியைக் கழற்றினார். "வேல தெரிஞ்ச எவனும் இதுக்குள்ள பழம் வைக்க மாட்டான். யாரு வச்சது?"

இலக்கியா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு எட்டு வயது. முன்னெல்லாம் அம்மா கோயில் பழத்தைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழேதான் வைப்பாள். ஒரு நாள் அது உருண்டுபோய் பிரேக்குக்கு அடியில் சிக்கி, திருவரங்குளம் வளைவில் அப்பா தடுமாறிவிட்டார். "காரு என்ன கோயிலாடி? இனிமே பழங்கிழம் வச்சே, தூக்கி எறிஞ்சிருவேன்!" என்று கத்தினார். அம்மா வைப்பதை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை மகளைக் கூப்பிட்டு, ஸ்டீரிங் பக்கத்தில் இருந்த சந்தைக் காட்டினாள்.

"ஒன் கைதான் சின்னது. நல்லா உள்ள தள்ளு. அப்பாவுக்குத் தெரிய வேணாம், அண்ணனுக்கும் தெரிய வேணாம். நாம ரெண்டு பேரும் அப்பாவுக்குக் காவல் வைக்கிறோம்."

அதிலிருந்து ஆடி வெள்ளி, தை வெள்ளி வந்தால் அவள்தான் தள்ளினாள். கை பெரிதாகி நுழையாமல் போன பிறகு, அம்மா கரண்டிக் காம்பால் தள்ளினாள்.

"நாந்தாண்ணே," என்றாள் இலக்கியா. விரல்களை மடக்கிக்கொண்டாள். "அம்மா குடுக்கும். நான் உள்ள தள்ளுவேன். அப்பாவுக்குக் காவலுன்னு..."

ராக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வீட்டுச் சாவு அவருக்குத் தெரியும். துணியை எடுத்துக் கையைத் துடைத்தபடி எழுந்து, அங்கிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

* * *

ராக்கன் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது ஆனந்தராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, அன்னைக்குத் திங்கக்கெழமையே நான் வண்டிய ஒங்ககிட்டக் கொண்டாந்திருந்தா?"

"அன்னைக்கு வெயிலா மழையா தம்பி?"

"வெயிலு. செவ்வாக்கெழமதான் மழை புடிச்சுச்சு. மறுநா புதங்கெழம காலையிலதான் அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சது."

ராக்கன் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசர்.

"வெயிலுன்னா எந்தக் கொறையும் காட்டியிருக்காது. பேட்டரி முனையச் சொரண்டிவிட்டு, நல்லாருக்கு, போயிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். நீங்க வந்திருந்தாலும் புதங்கெழம அது நின்னுதான் போயிருக்கும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள். கிடைத்துவிட்டது. கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை. கொடுத்தால் அது அம்மா தலையில் அல்லவா விழும்?

"இப்ப என்னண்ணே செய்யிறது?"

"முழு வயரிங்கும் புதுசா இழுக்கலாம். அப்புறம் டேஷ்போர்டு வரும், அதுக்கப்புறம் இன்னொன்னு வரும். நான் போட்ட ஒட்டு வயரு ரெண்டு மாசம் தாங்கும். என்னையக் கேட்டா, இதுக்கு இனி வைத்தியம் வேணாம். ஆனா முடிவு ஒங்களது."

உருண்டைகளை அவர் குப்பையில் போடவில்லை. சாமி பழம் என்று ஒரு துணியில் முடிந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் குளக்கரையில் காரை நிறுத்தினார்கள். இலக்கியா மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டிருந்தாள். கார் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க இருவருக்கும் பயம்.

"நான் அம்மாகிட்டச் சொல்லப்போறேன்," என்றாள் அவள்.

"என்னன்னு?"

"நாந்தான் வச்சேன்னு. வெளாட்டுக்கு வச்சேன்னு."

"எட்டு வயசுல வச்சது நீ. அதுக்கப்புறம் வச்சது யாருன்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

"அப்ப உள்ளதச் சொல்லுவோம். பதினோரு மாசம்ண்ணே! பெத்த புள்ளகிட்ட ஆட்ட வச்சுப் பேசுது. மாமா காறித் துப்பாத கொறையாப் பேசுனப்பக்கூட ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒன் மேல தப்பில்லன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா... ஒன்கிட்டப் பேசும்."

"எங்கிட்டப் பேசும். அப்புறம் ராவும் பகலும் தன்கிட்டயே பேசிக்கிட்டு இருக்கும். அப்பா தலைய மடியில வச்சிருந்துச்சே இலக்கி, அந்தக் காருக்குள்ள. அந்தப் பழத்துக்கு நாலு அடி தள்ளி."

இலக்கியா முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

"அப்ப நீ?" என்று அதற்குள்ளிருந்தே கேட்டாள். "நீ என்ன பண்ணுவ?"

"எனக்குப் பழகிருச்சு."

துணி முடிச்சை அவிழ்த்துப் பழங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டான். காய்ந்த பழங்கள் மூழ்கவில்லை. காற்றுக்கு மெல்லக் கரைக்கே திரும்பி வந்தன. இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று, தூரத் தூரத் தள்ளிவிட்டான்.

* * *

சாயங்காலம் ஐந்தரைக்குக் கார் வீட்டுக்குள் நுழைந்தது.

அழகம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். உடையப்பன் போன பிறகு அம்மன் கோயில் பக்கமே போகாதவள், இன்று நெற்றியில் திருநீறோடு நின்றாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். சிவப்பு நூல் சுற்றியது. குங்குமம் ஈரமாக இருந்தது.

ஆனந்தராஜ் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினான்.

"கருப்பி," என்றாள் அழகம்மாள். குரல் வழக்கம் போல இல்லை. "வண்டி நல்லா ஓடுதாமா?"

"நல்லா ஓடுதுன்னு சொல்லு கருப்பி."

"மழையில நிக்கலையாமா?"

"நிக்கலன்னு சொல்லு."

அவள் கிட்டே வந்தாள். அவன் இறங்கி நின்றான். பதினோரு மாதமாகத் தொடாத அந்தக் கதவைத் தொட்டு, அகலத் திறந்தாள். குனிந்தாள். பழம் வைத்திருந்த கை, கண் தேடாமலே, பழகிய இடத்துக்கு, ஸ்டீரிங் பக்கத்துச் சந்துக்குப் போனது. மகனுக்குக் காவல் வைக்க வந்திருக்கிறாள்.

"அங்கிட்டு வேணாம்மா!"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் ஆனந்தராஜுக்குத் தெரிந்தது, என்ன சொல்லிவிட்டோம் என்று.

அழகம்மாள் குனிந்தபடியே திரும்பினாள். ஆட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எங்கிட்டு?"

அவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இங்கிட்டு வைப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும் ஆனந்து?"

பேர் சொல்லிவிட்டாள். அந்தப் பேரைக் கேட்க அவன் எத்தனை நாள் காத்திருந்தான். இந்தக் கேள்வியோடா வரவேண்டும்?

அழகம்மாளின் கண் மெல்ல இலக்கியா பக்கம் போனது. இலக்கியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், எட்டு வயதுப் பிள்ளை மாதிரி.

தாய் மறுபடி குனிந்தாள். இரண்டு விரலைச் சந்துக்குள் விட்டாள். பழங்கள் இல்லை. விரலை வெளியே எடுத்தாள். நுனியில் பச்சைப் பொடி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஆயுசு பூராவும் செம்புக் குடம் தேய்த்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ராக்கன் என்ன சொன்னாரு?"

"பேட்டரி முனையில துருவாம்," என்றான் ஆனந்தராஜ். கண்ணை விலக்காமல் சொன்னான். "அன்னைக்குத் திங்கக்கெழமயே வந்திருந்தா அஞ்சு நிமிச வேலைதான்னாரு. நான் போகாததுதாம்மா. வேற ஒன்னுமில்ல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலக்கியா விசும்பும் சத்தம் கேட்டது. ஆடு செருமியது.

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாம்மா."

அழகம்மாள் அவன் கையைப் பிடித்து விரித்தாள். எலுமிச்சம்பழத்தை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பச்சைப் பொடி அவன் மணிக்கட்டில் ஒட்டியது.

"பழம் ஒங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. காருக்கு வேணாம்."

"சரிம்மா."

"இனிமே இத ரிப்பேரும் பாக்க வேணாம். பாத்தவரைக்கும் போதும்."

"சரிம்மா. நாளைக்கே ஆளு வரச் சொல்லிக் குடுத்துர்றேன்."

"நாளைக்கு வேணாம்," என்றாள். கையை விட்டாள். "ஒங்க அப்பா தெவசம் முடியட்டும். அது வரைக்கும் வாசல்லயே நிக்கட்டும். அன்னைக்குச் சொந்தஞ்சுருத்து எல்லாம் வரும்ல? ஒங்க மாமன் வீரய்யாவும் வருவாருல்ல?"

"வருவாரு."

"அவுக எல்லாரையும் இந்தக் காருக்கு முன்னாடி நிறுத்தி வச்சு, நான் ஒன்னு சொல்ல வேண்டியிருக்கு."

"அம்மா, வேணாம்மா..."

"இட்லி இன்னும் அப்படியே மூடித்தான் இருக்கு," என்றாள் அழகம்மாள், உள்ளே திரும்பி நடந்துகொண்டே. "சுட வைக்கிறேன். வந்து சாப்புடு ஆனந்து."

திறந்து கிடந்த கார்க் கதவுக்குள் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனந்தராஜ் கையில் பழத்தோடு அங்கேயே நின்றான். கதவைச் சாத்தினால் விளக்கு அணைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். சாத்த மனசு வரவில்லை.

அந்தத் திவச நாளில் அழகம்மாளின் நாக்கைத் தடுக்கப்போவது மகனா மகளா, இல்லை தடுக்கத்தான் வேண்டுமா என்று நீங்களும் உங்கள் வீட்டில் பேசிப் பாருங்கள்.

உங்கள் வாசலில் நிற்கிற வண்டி, இரண்டு சக்கரமோ நாலு சக்கரமோ, அவசரத்துக்கு எழுந்து ஓடட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு வந்து சேரட்டும். ஆசையாக வைத்த எதுவும் யாருக்கும் கேடாக முடியாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரும் யாரோடும் ஆட்டை வைத்துப் பேசும் காலம் வரவே வேண்டாம். பெத்தவள் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரலுக்கு, "இந்தா வாரேம்மா" என்று பிள்ளைகள் ஓடிவந்து, சூடு ஆறுமுன் சாப்பிட்டு, நிறைஞ்ச வயிறும் நிறைஞ்ச மனசுமாக நல்லா இருக்கட்டும் என் தங்கங்களா, நூறாயுசுக்கு நல்லா இருக்கட்டும்.